ஊசி முனை வாதம்

ஜலகண்டாபுரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடந்த அறிவியல் கூட்டத்தில் ஒருவர் அரை மணி நேரம் பேசினார். அவர் சொன்னது இதுதான்: விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது சூடாவது காற்று உரசுவதால். முனையை ஊசிபோல் சீவிவிட்டால் உரசல் குறையும். மிச்சத்தைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். அளந்தே தீரவேண்டுமென்றால் ஒரு தெர்மாமீட்டர் போதாதா, காற்றுச் சுரங்கம் எதற்கு? சிரிப்பும் கைதட்டலும் பலமாக இருந்தன. தேறும் வாதம் ஒன்றுகூட இல்லை.

சைக்கிளுக்குக் காற்றடித்தவருக்குத் தெரியும், பம்பின் அடிப்பக்கம்தான் அதிகம் சுடும். காற்று அமுங்குவது அங்கேதான். கலத்தின் மூக்கிலும் முதன்மையாக அதுவே நடக்கிறது. ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் வந்து மோதி நிற்கும் காற்றின் வெப்பநிலை, கெல்வின் கணக்கில் ஏறக்குறைய ஆறு மடங்காகும்.

ஊசிக் கனவை 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்கப் பொறியாளர் ஜூலியன் ஆலன் கலைத்துவிட்டார். மழுங்கிய மூக்கு, காற்று சட்டென்று அமுங்கும் விளிம்பான அதிர்வலையைத் தள்ளி நிறுத்துகிறது; வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. முனையின் வளைவு ஆரம் நான்கு மடங்கானால் அங்கே பாயும் வெப்பம் பாதியாகும். சீவச் சீவ ஏறும். 2007 ஜனவரியில் வங்கக் கடலில் மீட்கப்பட்ட எஸ்.ஆர்.இ.-1, 2014 டிசம்பரில் இறங்கிய கேர், இரண்டும் நம் நாட்டு விண்கலங்கள். அய்யா அவற்றின் படத்தையாவது பார்த்திருக்கலாம். ஊசி எங்கே இருக்கிறது?

தெர்மாமீட்டர் பேச்சுதான் உச்சம். பேக்கரி அடுப்புக்குள் கையை நீட்டினால் ஒரு நொடி தாங்கலாம்; அதே சூட்டில் இருக்கும் தட்டைத் தொட்டால் கொப்புளம். வெப்பநிலை ஒன்று, கைக்குள் பாயும் வெப்பம் வேறு. கலத்தின் ஓடு எவ்வளவு தடிமன் என்பதை முடிவு செய்வது இந்தப் பாய்ச்சல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அதிர்வலைச் சுரங்கத்தில் காற்று நிலையாக வீசுவதே ஏறத்தாழ ஒரு மில்லி நொடி. தெர்மாமீட்டர் கண் விழிப்பதற்குள் சோதனை முடிந்துவிடும். அதனால்தான் சுரங்கத்தில் வைக்கும் மாதிரியின் பீங்கான் போன்ற பரப்பில் தலைமுடியைவிட மிக மெல்லிய பிளாட்டினப் படலத்தைப் பூசுகிறார்கள். சூடேறினால் அதன் மின்தடை மாறும். பரப்பின் சூடு எவ்வளவு வேகமாக ஏறியது என்பதிலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை வாட் என்று கணக்கிடுவார்கள்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் பரப்பை ஒட்டி வழுவழுப்பாக ஓடும் காற்று எந்த இடத்தில் குழம்பிக் கொந்தளிக்கும் என்பதை அது இன்றும் உறுதியாகச் சொல்வதில்லை. கொந்தளித்தால் வெப்பம் பல மடங்கு. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தின் அடிவயிற்றில், ஓடுகளுக்கிடையே சொருகியிருந்த துணிபோன்ற இரண்டு பட்டைகள் துருத்திக்கொண்டு நின்றன. அவை காற்றைக் கொந்தளிக்க வைத்து ஆபத்தை உண்டாக்காது என்று எந்தக் கணக்காலும் உறுதி கொடுக்க முடியவில்லை. விண்வெளி வீரர் ஸ்டீவ் ராபின்சன் வெளியே போய்க் கையால் பிடுங்கி எடுத்தார்.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் பிளஸ் டூ பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அய்யா, அவர்களிடம் நேரில் போய் அந்த ஊசியை மட்டுமாவது திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.