பொம்மைக்குத் துணி கேட்ட உத்தரை

புனே நகரின் வடமேற்கில், முளா நதியை ஒட்டிக் கிடக்கிறது போபோடி. மும்பை ரயிலில் போகிறவர்களுக்கு ஜன்னல் வழியே நொடியில் கடந்துபோகும் ஒரு பேட்டை. இப்போது ஒரு மெட்ரோ நிலையமும் வந்திருக்கிறது. ஆனால் போபோடியோடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும் கட்கி கன்டோன்மென்டையும் சேர்த்துப் பார்த்தால், போர் என்ற சங்கதியின் தொடக்கமும் முடிவும் இந்தச் சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

1817 நவம்பர் 5 அன்று பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் படை ஆங்கிலேயரிடம் தோற்றது இந்த மண்ணில்தான். மறு ஆண்டே பேஷ்வா ஆட்சி முடிந்தது. 1869-ல் இங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. சற்றுத் தள்ளி, இரண்டாம் உலகப் போரில் இறந்த 1,600-க்கும் மேற்பட்டவர்கள் வரிசை வரிசையாக உறங்கும் கல்லறைத் தோட்டம். ஊனமுற்ற சிப்பாய்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தர 1917-ல் தொடங்கிய குயின் மேரி தொழிற்பயிற்சி நிலையமும் கட்கியில்தான் இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்விழந்த வீரர்கள் சக்கர நாற்காலியில் வாழும் மறுவாழ்வு மையமும் இங்கேதான். தோட்டா தயாராகும் ஊரிலேயே தோட்டா செய்த வேலைக்கான கணக்கும் எழுதப்படுகிறது.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து படிக்கப் பொருத்தமான ஒரு நகைச்சுவை நாவல் உண்டு. ஆங்கில எழுத்தாளர் டெர்ரி பிராட்செட் 2003-ல் எழுதிய 'மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்'. ஆமையின் முதுகில் நிற்கும் நான்கு யானைகள் சுமக்கும் தட்டை உலகம்தான் அவருடைய கதைக்களம். நம் புராணம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் பெரிய அதிசயம் இருக்காது. அந்த உலகில் போரோகிராவியா என்று ஒரு குட்டி நாடு. அக்கம்பக்கத்து நாடுகள் எல்லாவற்றோடும் ஓயாத சண்டை. அதன் தெய்வத்துக்கோ நாளொரு தடை விதிப்பதே தொழில். சாக்லேட் பாவம், பூண்டு பாவம், நீல நிறம்கூடப் பாவம். பெண் ஆணுடை அணிவதும் பாவம், சொத்துக்கு வாரிசாவதும் ஆகாது.

பாலி என்ற பெண் தலைமுடியை வெட்டிக்கொண்டு, ஆண் பெயரில் படையில் சேர்கிறாள். போருக்குப் போய்க் காணாமல் போன அண்ணனைத் தேட வேண்டும். அவன் திரும்பாவிட்டால் குடும்பத்தின் சத்திரம் கைவிட்டுப் போகும். ஆண்பிள்ளையாகத் தெரிவதற்கு அவளுக்குக் கிடைக்கும் யோசனை: ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டிக் கால்சட்டைக்குள் வைத்துக்கொள். வைத்த மாத்திரத்தில் நடையே மாறிவிடுகிறது! படையில் கொஞ்ச நாள் கழிந்ததும்தான் தெரிகிறது, கூட இருக்கும் புது சிப்பாய்களும் ஒவ்வொருவராகப் பெண்களே என்று. எதிரியின் கோட்டைக்குள் நுழைய எல்லோரும் சலவைக்காரிகளாக வேடம் போடும்போது, உண்மையான ஆணான லெப்டினன்டைக் காவலர்கள் பெண் என்று நம்பிவிடுகிறார்கள். உண்மையான பெண்கள் மீதுதான் சந்தேகம்.

சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் அடிப்படைக் கேள்வி சிரிப்பானதல்ல. ஒரு படைப்பிரிவு முழுவதும் பெண்களாக இருப்பது எப்படி? சேர்வதற்கு ஆண்கள் மிச்சமில்லை. ஊரில் எஞ்சியவர்கள் கையோ காலோ இழந்து திரும்பியவர்கள். ராணுவத்துக்கு ஆள் வேண்டும். வருகிறது யார் என்று உற்றுப் பார்க்க யாருக்கும் அவகாசமில்லை. அந்த மாறுவேடத்தைச் சாத்தியமாக்கியதே சாவுகள்தான்.

இந்தக் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. பெண்வேடமும் போரும் நகைச்சுவையும் ஒரே இடத்தில் கூடும் கதை, மகாபாரதத்தின் விராட பர்வமாக நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கிறது. மழை பொய்த்தால் விராட பர்வம் படிக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. வாய்ச்சொல் வீரனை இன்றும் 'உத்தரகுமாரன்' என்றுதான் கிண்டல் செய்கிறோம்.

அஞ்ஞாதவாச ஆண்டில் அர்ஜுனன் பிருகன்னளை என்ற பேரோடு, பின்னலும் வளையலுமாக, விராடனின் மகள் உத்தரைக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லித் தருகிறான். கௌரவர் படை வந்து பசுக்களை மடக்கிக்கொண்டு போகிறது. அரசன் வேறு முனையில் இருக்கிறான். அரண்மனையில் மிச்சமிருக்கும் ஒரே வீரன் உத்தரன், அந்தப்புரத்துப் பெண்கள் மத்தியில் மார் தட்டுகிறான்: நல்ல சாரதி மட்டும் கிடைத்தால் போதும், எல்லோரையும் ஓட ஓட விரட்டுவேன்! சாரதியாக வருவது பிருகன்னளை. போர்க்கவசத்தைத் தாறுமாறாக மாட்டிக்கொண்டு, போடத் தெரியாதது போல நடிக்கிறான். பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

கிளம்பும்போது உத்தரை ஒன்று கேட்கிறாள். பீஷ்மர், துரோணர் முதலானவர்களை ஜெயித்துவிட்டு வரும்போது அவர்களுடைய வண்ண வண்ண ஆடைகளைக் கொண்டுவா, என் பொம்மைகளுக்கு உடுத்த வேண்டும் என்கிறாள். பொம்மை விளையாடும் வயது. போர் என்றால் அவளுக்குத் துணி கிடைக்கும் இடம்.

கடல் போன்ற சேனையைக் கண்டதும் உத்தரன் தேரிலிருந்து குதித்து ஓடுகிறான். பின்னல் ஆட, சிவப்புச் சேலை பறக்க, பிருகன்னளை துரத்துகிறாள். இதைப் பார்த்து எதிரிப் படையே சிரிக்கிறது. தெருக்கூத்தில் இந்தக் கட்டம் வந்தால் தூங்கி விழுகிறவர்களும் எழுந்து உட்காருவார்கள். ஆண் நடிகர்களே பெண் பாத்திரங்களையும் ஏற்ற பழைய மேடையில் உத்தரையும் ஆண், சைரந்திரியாக மறைந்து வாழும் திரௌபதியும் ஆண். பிருகன்னளைக்கு மட்டும்தான் கதைப்படியே பெண்வேடம்.

பிறகு வன்னி மரத்திலிருந்து ஆயுதம் இறங்குகிறது, வேடம் கலைகிறது. சம்மோகன அஸ்திரத்தில் மயங்கிக் கிடக்கும் மாவீரர்களின் ஆடைகளை உத்தரன் உருவிக்கொண்டு வருகிறான். கர்ணனின் மஞ்சள், துரியோதனனின் நீலம். சொன்னபடி பொம்மைகளுக்குத் துணி வந்து சேர்கிறது.

கூத்து பெரும்பாலும் இந்த உற்சாகத்திலேயே விடிந்துவிடும். ஆனால் வியாசர் கணக்கை மூடவில்லை. உத்தரையை அபிமன்யுவுக்கு மணம் செய்து தருகிறார்கள். குருக்ஷேத்திரத்தின் முதல் நாள், தேரிலிருந்து குதித்து ஓடிய அதே உத்தரன் யானை மீதேறிச் சல்லியனை எதிர்க்கிறான். ஓடவில்லை. சல்லியனின் வேல் அவனைச் சாய்க்கிறது. யாரைப் பார்த்து ஊரே சிரித்ததோ அவன் முதல் நாளே பலி. பதின்மூன்றாம் நாள் அபிமன்யு விழுகிறான். பிறகு துரோணர் கையால் தந்தை விராடன். போர் முடிந்த களத்தில் கணவனின் உடலருகே உத்தரை புலம்புகிறாள்: சேர்ந்து வாழ்ந்தது ஆறே மாதம், ஏழாம் மாதம் போய்விட்டாயே என்று. வயிற்றிலிருக்கும் குழந்தையைக்கூட அசுவத்தாமனின் அஸ்திரம் விட்டுவைக்கவில்லை. கண்ணன்தான் அதற்கு உயிர் தர வேண்டியிருந்தது. பொம்மைக்குத் துணி கேட்ட சிறுமிதான் கடைசியில் குலத்தின் ஒரே வாரிசைச் சுமந்த விதவை.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் எழுதுகிற ஊர் கூவாகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. களப்பலிக்கு முன்பு அரவான் கேட்டதெல்லாம் ஒரு நாள் மணவாழ்வு. மறுநாள் சாகப்போகிறவனுக்கு யார் பெண் தருவார்? கண்ணன் மோகினியாகி மணந்துகொள்கிறான். சித்திரை மாதத்தில் திருநங்கைகள் அங்கே கூடி, கூத்தாண்டவர் பெயரில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைக்கிறார்கள். கண்ணனுக்கு அது ஒரு நாள் உருவம். திருநங்கைகளுக்கு அது வேடமல்ல, தங்கள் வாழ்வே. போரின் வெற்றியைக் கொண்டாடப் பல திருவிழாக்கள் உண்டு. போருக்காகப் பலியானவனின் மனைவியாக இருந்து அழுவதற்கு என்றே ஒரு திருவிழா அபூர்வம்.

மராத்தி மேடையும் விராட பர்வத்தை மறக்கவில்லை. திலகரின் 'கேசரி'யில் பணியாற்றிய காடில்கர் 1907-ல் எழுதிய 'கீசக வதம்' நாடகத்தில், சைரந்திரியைத் துன்புறுத்தும் கீசகனைப் பார்த்த ஜனங்கள் கர்சன் பிரபுவைக் கண்டார்கள். வெள்ளை அரசாங்கமும் அப்படியே கண்டு, 1910-ல் தடை போட்டது. வேடக் கதைகளை ஆட்சியாளர்கள் வெறும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை.

பெண்கள் போருக்குப் போக இன்று காலுறை தேவையில்லை. 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணி படையில், சென்னையில் மருத்துவம் படித்த லட்சுமி சுவாமிநாதன் தலைமையில், மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் பெண்களாகவே சீருடை அணிந்தார்கள். புனேயை அடுத்த கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியிலிருந்து, உச்ச நீதிமன்றம் 2021-ல் கதவைத் திறந்துவிட்டதன் பலனாக, 2025 மே மாதம் 17 பெண்கள் முதல் அணியாகத் தேர்ச்சி பெற்று வெளியேறினார்கள். பிராட்செட்டின் பாலியும் கதையின் முடிவில், மறுபடி போர் மேகம் சூழும்போது, மாறுவேடமின்றியே புறப்படுகிறாள்.

அது நியாயம் கிடைத்த கதைதான். ஆனால் பாலி புறப்பட வேண்டியிருந்தது என்பதுதான் நாவலின் உறுத்தல். யார் போகலாம் என்ற சட்டம் மாறியது. ஏன் போக வேண்டும் என்ற கேள்வி இருந்த இடத்திலேயே இருக்கிறது. கட்கி மறுவாழ்வு மையத்தின் சக்கர நாற்காலிகளுக்கு, வந்து அமர்கிறவர் ஆணா பெண்ணா என்ற பேதம் கிடையாது. விராட பர்வம் படிக்கிறவர்கள் மழை வந்ததும் ஏட்டைக் கட்டிவைத்துவிடுவது வழக்கம். எப்போதாவது இன்னும் சில பர்வங்கள் தள்ளிப் போய், ஸ்திரீ பர்வத்தில் உத்தரை என்ன சொல்லி அழுதாள் என்பதையும் படித்துவிட்டுக் கட்டலாம்.