வீட்டிலேயே பாய்மரப் படகு கட்டலாமா? 40% ஜிஎஸ்டியும் உங்க ஓ.டி.யும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிஃப்ட் வேலைக்குப் போறவங்க நிறைய பேர் நம்ம சேனல் பாக்குறீங்க. கார், மனை, சீட்டு பத்திதான் வழக்கமா கேள்வி வரும். இந்த முறை வேற மாதிரி: "போர்டிகோவுல மரத்துல சின்னதா ஒரு பாய்மரப் படகு கட்டணும். பர்சனல் லோன் எடுக்கலாமா?"

படகு ஓகே. லோன் வேண்டவே வேண்டாம்.

ஆசையைக் கிண்டல் பண்ண மாட்டேன். யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில நம்ம ஆளுங்க கட்டின 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938-ல அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போச்சு. வீட்டு அளவுக்குன்னா, 1960-களில் பிரிட்டனில் வந்த 'மிரர்' படகு. ப்ளைவுட் துண்டுகளைச் செம்புக் கம்பியால தைச்சு, இணைப்பு மேல கண்ணாடியிழை நாடா வச்சு ரெசின் பூசணும். நீளம் 11 அடிக்குக் கொஞ்சம் கம்மி. இதுவரை 70,000-க்கு மேல கட்டியிருக்காங்க.

இப்போ வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து உல்லாசப் படகுக்கு ஜிஎஸ்டி 40%. ப்ளைவுட்டுக்கு 18%. உங்க சொந்த உழைப்புக்கு ஜிஎஸ்டியே கிடையாது! ஒரு உதாரணத்துக்கு, ரெடிமேட் படகு ₹2 லட்சம்னா வரியோட ₹2,80,000. பொருள் மட்டும் ₹80,000-க்கு வாங்கினா, 18% சேர்த்து ₹94,400.

உடனே ₹1,85,600 லாபம்னு எழுதிடாதீங்க. 200 மணி நேரம் வேலை இருக்குன்னு வைங்க. ஓ.டி.க்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். மணிக்கு ₹200 வர்ற ஓ.டி.யை விட்டுட்டுக் கட்டினா, அந்த ₹40,000-மும் படகோட விலைதான். அப்பவும் ₹1,34,400-ல முடியுது, பரவாயில்லை.

என் பயம் வேற. ஆர்.டி.யைப் பாதியில உடைச்சாலும் போட்ட பணம் வரும். பாதி கட்டின படகை யாரும் வாங்க மாட்டாங்க. லோன்ல ஆரம்பிச்சு, நைட் ஷிஃப்ட் மாறி, வேலை நின்னுபோனா, போர்டிகோவுல தார்ப்பாய் மூடின மரமும் மாசாமாசம் இ.எம்.ஐ.யும்தான் மிஞ்சும். முடிச்சாலும் நம்ம ஊர்ல செகண்ட் ஹேண்ட் மார்க்கெட் பெருசா இல்லை. அதனால இதைச் சொத்துன்னு எழுதாதீங்க, செலவுன்னு எழுதுங்க. மாசம் ஒரு தொகை ஒதுக்கி, முதல்ல ப்ளான், அடுத்து மரம், கடைசியாத்தான் பாய் துணின்னு கைக்காசுல வாங்குங்க. எந்த மாசம் நின்னாலும் நஷ்டம் அதுவரைக்கும் போட்டதோட நிக்கும்.

கம்பெனிகள்ல இருந்து வர்ற பேக்கிங் மரம் நம்ம ரோட்டோரக் கடைகள்ல மலிவா கிடைக்கும். கட்டும்போது படகைத் தாங்க ஸ்டாண்ட் அடிக்க அது போதும். தண்ணியைத் தொடுற உடம்புக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் ப்ளைவுட்தான். "பில் இல்லாம குறைச்சுத் தர்றேன்"னா வேண்டாம்னு சொல்லுங்க. சரக்கு போலின்னா எதைக் காட்டி சண்டை போடுவீங்க?

கடைசியா, எங்க ஓட்டுவீங்க? செம்பரம்பாக்கம் பக்கம்தான், ஆனா அது சென்னைக்குக் குடிதண்ணி, அந்த நினைப்பே வேண்டாம். சென்னைத் துறைமுகத்துல 1911-லிருந்து ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கு. இந்த மாதிரி இடங்கள்ல உறுப்பினர் கட்டணம், படகு நிறுத்தும் கட்டணம், டாடா ஏஸ் வாடகை மூணையும் விசாரிச்சு எழுதி வைங்க. ப்ளான் வாங்குறது அதுக்கப்புறம்.