கருவிகள் வந்தன, காப்பவர் யார்?

டிஜிட்டல் கலைக்கு ஓர் ஆய்வகம் வேண்டும் என்றதும் நம் நிறுவனங்கள் முதலில் எழுதுவது கருவிகளின் பட்டியலைத்தான். இத்தனை கணினிகள், இத்தனை புரொஜெக்டர்கள், முப்பரிமாண அச்சுப்பொறி ஒன்று. பட்டியலில் உள்ளவை வந்து இறங்கியதும் திறப்புவிழா நடக்கிறது. ஆய்வகம் அமைந்துவிட்டதாக எல்லோரும் நம்பத் தொடங்குகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. காரணத்தை இந்தியக் கலை வரலாற்றிலிருந்தே சொல்லலாம்.

1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தார். மேலைநாடுகளிலேயே அரிதாக இருந்த மோக் சிந்தசைசர் அங்கே இருந்தது. ஒலிநாடாக் கருவிகளும் இருந்தன. கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியக் கலைஞர்கள் அதில் இசை செய்து பார்த்தார்கள். 1972 வரையிலான அந்தப் பதிவுகள் பின்னர் காப்பகத்தில் உறங்கின. லண்டன் கலைஞர் பால் பர்காஸ் தேடி எடுத்த பின், 2023-இல்தான் அவை தொகுப்பாக வெளிவந்தன.

அதே 1969-இல் பம்பாயில் ஓவியர் அக்பர் பதம்சி, தமக்குக் கிடைத்த நேரு நல்கையைக் கொண்டு ஒரு கூட்டுப் பட்டறை தொடங்கினார். ஓவியர்களும் திரைக்கலைஞர்களும் அங்கே ஒருவர் கருவியை மற்றவர் கையாண்டார்கள். இளம் நளினி மலானி கேமரா இல்லாமலே ஒளிப்படங்கள் செய்து பார்த்தது அங்கேதான். ஆனால் பதம்சி எடுத்த ‘ஈவன்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்’ படத்தின் ஒரே பிரதி தொலைந்துபோயிற்று. 2016-இல் இயக்குநர் ஆஷிம் அலுவாலியா, முதுமையிலிருந்த பதம்சியுடன் சேர்ந்து நினைவிலிருந்தே அதை மீட்க முயல வேண்டியிருந்தது.

இரண்டு இடங்களிலும் நல்ல கருவிகள் இருந்தன. கலைஞர்களுக்குச் சுதந்திரமும் இருந்தது. செய்ததைக் காக்கும் ஏற்பாடுதான் போதவில்லை. கருவியே இல்லாவிட்டால் காப்பதற்கு என்ன இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மோக் வந்திராவிட்டால் அந்த இசையும் இல்லை. ஆனால் அன்று எட்டாக்கனியாக இருந்தது இன்று எளிதாகிவிட்டது. 2001-இல் பிறந்த ‘புராசசிங்’ மென்பொருள் இலவசம்; 2005-இல் வந்த ஆர்டுயினோ மின்பலகையின் விலையும் குறைவே.

காப்பதோ முன்னைவிடக் கடினமாகிவிட்டது. அகமதாபாத் ஒலிநாடா அரை நூற்றாண்டு அலமாரியில் கிடந்தும் ஒலித்தது. ஒரு ஹார்டுடிஸ்க் அத்தனை காலம் தாங்குமா? தாங்கினாலும் அதிலுள்ள கோப்பைத் திறக்கும் மென்பொருள் அன்று இருக்குமா?

எனவே ஆய்வகத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு, பழுது நீக்கத் தெரிந்த நிரந்தரத் தொழில்நுட்பருக்குப் போகவேண்டும். இன்னொரு பங்கு காப்பகத்துக்கு: ஒவ்வொரு படைப்பின் மூலநிரல், அது இயங்கிய கருவியின் விவரம், அது எப்படித் தோன்றவேண்டும் என்று கலைஞரே எழுதிய குறிப்பு ஆகியவை அங்கே சேரவேண்டும். மிஞ்சும் பணத்தில் கருவி வாங்கலாம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், நம் பேரப்பிள்ளைகளும் தொலைந்த படங்களை நினைவிலிருந்தே தேடிக்கொண்டிருப்பார்கள்.