வீணைக்குக் குறியீடு, பலாவுக்கு விறகு விலையா?

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் கிடைத்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அது காப்பது கருவியின் பெயரை. மரம் வளர்க்கும் உங்களுக்கு நேரடியாக எதுவும் வருவதில்லை.

வீணைக்கு ஏன் பலா? நன்கு உலர்ந்த, வைரம் பாய்ந்த பலாக் கட்டையைத் தட்டிப் பாருங்கள். 'கணீர்' என்று ஒலித்து, அதிர்வைச் சற்று நேரம் பிடித்து வைத்திருக்கும். அதிர்வை விழுங்கும் மரமோ 'தொப்'பென்று அடங்கிவிடும். பலா அதிகக் கனமில்லாதது. குடத்தை மெல்லியதாகக் குடைய உளிக்கு இணங்கும். தந்திகளின் இழுப்பைத் தண்டி பல ஆண்டுகள் தாங்கும். வைரத்தைக் கரையானும் எளிதில் தொடாது. நாகஸ்வரத்தின் ஆச்சா மரம் வேறு ரகம், மிகக் கனமானது. மூச்சின் ஈரத்துக்கு வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பதால், இடித்த பழைய வீடுகளின் உத்தரங்களைத் தேடி வாங்குகிறார்கள்.

ஒரே கட்டையில் வீணை குடைய, நான்கு அடிக்கு மேல் நீளமுள்ள, பருத்த, கணுவில்லாத அடிமரம் வேண்டும். இங்கேதான் சிக்கல். நாங்கள் பரிந்துரைக்கும் ஒட்டுக் கன்று சீக்கிரம் காய்க்கும்; ஆனால் தாழவே கிளைத்துவிடும். கவாத்து செய்து உயரத்தைக் குறைப்பது பழத்துக்கு நல்லது, தச்சருக்கு அல்ல. இதை நான் பயிற்சிகளில் சொன்னதே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழத்துக்கு ஒட்டுக் கன்றே வையுங்கள். வேலியோரம் நாலு விதைக் கன்றும் இருக்கட்டும். எட்டு அடி உயரம் வரை பக்கக் கிளைகளை, விரல் கனத்தில் இருக்கும்போதே நீக்குங்கள். தடித்த பிறகு வெட்டினால் பெரிய கணு உள்ளே தங்கும்; அங்கே நார் திசைமாறி ஒலியும் கெடும், வெடிப்பும் விழும். பலன் பேரப்பிள்ளைக்குத்தான், மறைக்கவில்லை.

ஆனால் புயல் அத்தனை காலம் காத்திருக்காது. 2011 தானே புயலில் பண்ருட்டியிலும், 2018 கஜா புயலில் ஆலங்குடிப் பக்கமும் பலா மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அப்படிச் சாய்ந்தால் அவசரப்பட்டுத் துண்டு போடாதீர்கள். அடிமரத்தை ஐந்து அடிக்குக் குறையாமல் விடுங்கள். வெட்டு முனைகளில் மெழுகோ பழைய பெயிண்டோ அன்றே பூசுங்கள். ஈரம் முனை வழியாகத்தான் பன்மடங்கு வேகமாக வெளியேறும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும். மண் படாமல் கட்டைகள் மேல் தூக்கி, நிழலில் வையுங்கள். எடைக்குக் கொடுத்தால் வைரத்துக்கும் வெளிமரத்துக்கும் ஒரே விலைதான். சுற்றளவும் நீளமும் அளந்து, வீணை செய்பவரிடம் காட்டிய பிறகு விலை பேசுங்கள். நிற்கும் மரமானால், வெட்டும் முன் அனுமதி தேவையா என்று வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.