இடிபாடு ரோட்டுக்கா, நம்ம வயலுக்கா?



பட்டணத்தில் பழைய கட்டடத்தை இடிக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக டிப்பர் லாரி நம்ம ஊருக்கு வருகிறது. வாய்க்கால் ஓரம் போடுகிற ரோட்டுக்கு அடியில் அத்தனையையும் கொட்டி, ரோலரை ஓட்டிவிட்டால் வேலை முடிந்தது. கேட்டால், "இதுதாங்க மறுசுழற்சி, கவர்மெண்டே சொல்லியிருக்கு" என்கிறார் காண்டிராக்டர்.

மறுசுழற்சிக்கு நாம் எதிரி அல்ல. ஜல்லிக்காகக் குன்றை வெடிவைத்ததையும், கிராவலுக்காக ஏரியைப் பள்ளமாக்கியதையும் கண்ணால் பார்த்தவர்கள் நாம். உடைந்த கான்கிரீட்டே மறுபடி ஜல்லியானால் நல்லதுதான். இந்திய சாலை காங்கிரஸ் 2017-ல் இதற்கென்று தனி வழிகாட்டியே போட்டது. ஆனால் கழிவைப் பிரித்து, நொறுக்கி, சலித்து, சோதித்த பிறகுதான் அது ரோட்டுக்கு உதவும். 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளும், பெரிய அளவில் இடிப்பவர்கள் கான்கிரீட், மண், இரும்பு-மரம்-பிளாஸ்டிக், செங்கல்-காரை எனத் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும் என்றன. லாரியில் வருவதைப் பாருங்கள்: வயர், பெயிண்ட் ஒட்டிய காரை, உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் எல்லாம் ஒரே குவியல்!

இதனால் நமக்கென்ன? புதுசாக நொறுக்கிய கான்கிரீட் தூளில் தண்ணீர் ஊறினால் சிமெண்டின் சுண்ணாம்பு இறங்கி, பி.எச். 11, 12 வரை ஏறும். நெல்லுக்கு 6, 7 போதும். ஏற்கெனவே களர் தட்டிய நிலத்தில் துத்தநாகம் பயிருக்குக் கிடைக்காமல் ஜிங்க் சல்பேட்டுக்கு அலைகிறோமே, அதற்கு மேல் இதுவுமா? பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். சிமெண்டிலிருந்து கொஞ்சம் குரோமியமும் கரையலாம். ஆஸ்பெஸ்டாஸ் தூசியோ மூச்சில் போனால் புற்றுநோய்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். மேலே தார் போட்டு, தண்ணீர் புகாமல் கெட்டித்த ரோட்டில் ஆபத்து குறைவு. காற்றுப்பட்டு நாளாக ஆக, சுண்ணாம்பின் காரமும் தணியும். வம்பு எங்கே என்றால், மூடாத ஓரச்சரிவிலும், தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும், கிணற்றை ஒட்டிக் கொட்டும் தூளிலும்தான்.

ஆகவே நாம் கேட்பது இவ்வளவே: பிரிக்காத இடிபாடு ஒரு லோடுகூட ஊருக்குள் வரக்கூடாது. எந்த ஆலையில் நொறுக்கியது, சோதனையில் என்ன வந்தது என்ற தாளைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். ஏரி, வாய்க்கால், கிணறு ஓரத்தில் இது வேண்டவே வேண்டாம்.

வேலை தொடங்குமுன் உங்க கிணத்துத் தண்ணியையும் வயல் மண்ணையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, சீட்டைப் பத்திரமா வெச்சுக்குங்க. நாளைக்கு நஷ்டஈடு கேட்கும்போது, "முன்னாடி எப்படி இருந்துச்சு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கொட்டியதில் ஒரு கைப்பிடி எடுத்து, மழைத்தண்ணியில் ஒரு ராத்திரி ஊறவைத்து, பி.எச். தாளை நனைத்துப் பாருங்கள். தாள் கருநீலமானால் அந்தப் பாட்டிலோடு வரும் கிராம சபைக்கு வாருங்கள். தீர்மானம் எழுதி முடிக்கும்வரை யாரும் எழுந்து போக வேண்டாம்.