டாப்ளர் அறிக்கையில் இருக்கும் எண்

கடலூரிலோ சிதம்பரத்திலோ டாப்ளர் ஸ்கேன் எடுத்து வரும் கர்ப்பிணியின் அறிக்கையில் 'ஆர்.ஐ. 0.6' என்பதுபோல் ஓர் எண் இருக்கும். ஆர்.ஐ. என்றால் எதிர்ப்புக் குறியீடு. அதன் பொருள் தெரிந்தால் வீண் பயமும் குறையும், அலட்சியமும் குறையும்.

தாயின் ரத்தமும் சிசுவின் ரத்தமும் கலப்பதில்லை. நஞ்சுக்கொடியில் மெல்லிய சவ்வின் இருபுறமும் தனித்தனியே ஓடுகின்றன. ஆக்சிஜனும் சத்துகளும் சவ்வைக் கடக்கின்றன.

தாயின் பக்கத்தில் கருப்பையின் சுருள் தமனிகள் கர்ப்பத்தில் அகலமாக வேண்டும். 1840களில் புவாசேய் கண்ட விதிப்படி, குழாயின் ஆரம் பாதியானால், அழுத்தம் மாறாதிருக்க, ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அகலம் இன்னொரு நன்மையும் செய்கிறது. நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் வரும் ரத்தம், விரிந்த வாயில் சுமார் 10 சென்டிமீட்டராகத் தணிகிறது என்று பர்ட்டன் குழு 2009இல் கணக்கிட்டது. தமனி விரியாவிட்டால் ரத்தம் பீய்ச்சியடித்து நஞ்சுக்கொடியின் மென்திசுவைச் சிதைக்கும்.

உள்ளே போன ரத்தம் குழாயில் ஓடுவதில்லை. கொள்ளிடத்து மணலில் நீர் ஊறுவதுபோல் திசுக்களின் இடுக்குகளில் பரவுகிறது. மணலில் நீர் கசிவதற்கு டார்சி 1856இல் எழுதிய விதியையே 1977இல் எரியன், கார்சின், டேவிஸ் மூவரும் விரிவாக்கி நஞ்சுக்கொடிக்குப் பொருத்தினர்.

சிசுவின் பக்கத்தைச் சொல்வது தொப்புள்கொடித் தமனியின் ஆர்.ஐ. சிசுவின் இதயம் சுருங்கும்போது அந்தத் தமனியில் ரத்தத்தின் வேகம் நொடிக்கு 60 சென்டிமீட்டர், ஓய்வின்போது 30 என்றால், வித்தியாசத்தை 60ஆல் வகுக்க 0.5 வரும். ஓய்வின்போது ஓட்டமே நின்றால் விடை 1. நஞ்சுக்கொடியில் எதிர்ப்பு ஏறிவிட்டது, உடனே கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். வாரங்கள் ஏற ஏற இந்த எண் இயல்பாகக் குறையும். ஆகவே எத்தனையாவது வாரம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எந்தச் சமன்பாடும் முழு உண்மையல்ல. புவாசேயின் குழாய் நேரானது, விறைப்பானது. தமனியோ சுருண்டது, துடிப்பது. அதனால் தாயின் ரத்த அழுத்தம், சிசுவின் எடை, அசைவு எல்லாவற்றையும் பார்த்தே மருத்துவர் முடிவெடுப்பார். ஒற்றை எண்ணைப் பார்த்துக் குடும்பம் கலங்க வேண்டாம். மறுபரிசோதனைக்குச் சொன்ன தேதியைத் தவறவிடவும் வேண்டாம்.

இந்தச் சமன்பாடுகளை நம் தாய்மார்களுக்குச் சரிபார்க்க வசதி அருகிலேயே உண்டு. கணிதர் எஸ்.எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை எண் கோட்பாடு வளர்த்த அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து அரசுடையதான மருத்துவக் கல்லூரியும் ஒரே அண்ணாமலைநகரில் இருக்கின்றன. கணிதரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து, நம் கடலூர் மாவட்டப் பெண்களின் அளவீடுகளை அவர்கள் சம்மதத்தோடு இந்தச் சமன்பாடுகளில் இட்டுப் பார்க்க வேண்டும். ரத்தசோகையும் எடைக்குறைவும் உள்ள நம் தாய்மார்களுக்கு எந்த எண்ணில் எச்சரிக்கை தொடங்க வேண்டும் என்பதை அவர்களுடைய அளவீடுகளிலிருந்துதான் கற்க முடியும்.