மூக்கும் முழியுமாக ஒரு விமானம்

கொடைரோடிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். திண்டுக்கல்லில் ஆபீஸ் வேலை. தினம் ரயிலில் போய்த் திரும்புகிறவர். ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் மூன்று இளைஞர்கள் கூடினால் சாதாரணமாக கிரிக்கெட், கல்யாணம், இன்க்ரிமென்ட் என்றுதான் பேச்சு போகும். இவர்களுக்குள் நடக்கும் தகராறே வேறு. இரண்டாம் உலகப் போர் சண்டை விமானங்களில் பார்க்க அழகு எது?

கடிதம் எழுதியவர் ஸ்பிட்ஃபயர் கட்சி. இரண்டாமவர் மஸ்டாங். மூன்றாமவர் ஜப்பானிய ஜீரோ. ‘உங்க தீர்ப்புக்குக் கட்டுப்படறோம் சார். தோத்தவங்க ஜெயிச்சவனுக்கு ஒரு கூடை பன்னீர் திராட்சை வாங்கித் தரணும்’ என்கிறது கடிதம். நீதிபதிக்கு எத்தனை கொத்து என்று குறிப்பிடவில்லை. இருந்தாலும் விசாரித்துவிடலாம்.

முதலில் ஸ்பிட்ஃபயர். முதல் தடவை பறந்தது 1936 மார்ச் 5. இதன் அழகெல்லாம் இறக்கையில் இருக்கிறது. நேர்கோடே கிடையாது; புன்னை இலை மாதிரி இரண்டு பக்கமும் வளைந்து நுனியில் போய் முடியும். ஆனால் அது அழகுக்காகப் போட்ட வளைவு இல்லை. வேகமாகப் போக இறக்கை மெல்லிசாக இருக்க வேண்டும். அதற்குள்ளேயே எட்டு துப்பாக்கியும் மடக்கிய சக்கரமும் அடங்க வேண்டும். நீள்வட்டமாக வைத்தால் அகலம் சட்டென்று குறையாமல் நுனிவரை இடம் கிடைக்கிறது. காற்றின் இழுவையும் குறைகிறது. அவ்வளவுதான் சமாசாரம். டிசைன் குழுவின் தலைவர் ஆர்.ஜே. மிட்செல் புற்றுநோயால் 1937-ல் இறந்தபோது வயசு 42. தன் விமானம் சண்டை போட்டதை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்து மஸ்டாங். பிரிட்டிஷ்காரர்களுக்குத் தேவை என்று அமெரிக்கக் கம்பெனி ஒன்று அவசரம் அவசரமாகச் செய்தது. 1940 அக்டோபரில் பறந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டு வெட்டு இல்லாத நேர்த்தியான உடம்பு. அடியில் மட்டும் ரேடியேட்டருக்காக ஒரு தொப்பை. ஆரம்பத்தில் உயரத்துக்குப் போனால் மூச்சு வாங்கியது. பிறகு ஸ்பிட்ஃபயரின் அதே மெர்லின் இன்ஜினை வைத்தார்கள், ஆளே மாறிவிட்டது. இங்கிலாந்திலிருந்து கிளம்பி பெர்லின் வரை பாம்பர்களுக்குத் துணை போய்த் திரும்பியது. ஆக, முதல் இரண்டு கட்சிக்காரர்களும் வெளியே அடித்துக்கொள்கிறார்கள். உள்ளே ஓடுவது ஒரே இன்ஜின்.

ஜீரோ வேறு ஜாதி. டிசைன் செய்தவர் ஜிரோ ஹோரிகோஷி. உடம்பு மெலிசு, கழுத்து நீளம், ஓவர் மேக்கப் கிடையாது. பெயருக்கும் பூஜ்ய மதிப்புக்கும் சம்பந்தம் இல்லை. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் 2600-ன் கடைசி எண். 1939-ல் முதல் விமானம் தயாரானபோது தொழிற்சாலைப் பக்கத்தில் ஓடுதளம் இல்லை. பகுதி பகுதியாகப் பிரித்து மாட்டு வண்டியில் ஏற்றி விமானதளத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தின் அதிநவீனப் போர் விமானம், மாட்டின் வேகத்தில்!

அத்தனை ஒல்லி எப்படி வந்தது? விமானிக்குப் பின்னால் கவசத் தகடு கிடையாது. குண்டு பட்டால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் பெட்ரோல் டேங்க்கும் கிடையாது. எடை குறைந்தது, திரும்புவதில் கில்லாடியானது. ஆனால் டேங்க்கில் சரியாகப் பட்டால் தீக்குச்சி. இந்த அழகுக்கு பில் கட்டியவர் உள்ளே உட்கார்ந்திருந்த பையன்.

இந்த ஜீரோ நம் வீட்டு வாசல்வரை வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பின் மேல் ஜப்பானியத் தாக்குதல். எதிர்த்து எழும்பியவை ஹரிக்கேன்கள். சில, குதிரைப் பந்தய மைதானத்தையே ஓடுதளமாக்கி அங்கிருந்து கிளம்பின. ஜீரோவுக்கு முன் அவை திணறின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. மெட்ராஸ்காரர்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ரயில் ஏறியது அந்த மாசம்தான்.

இங்கே நம் கொடைரோடு நண்பர்கள் மூவருக்கும் ஒரு தகவல். விமானங்களை வெளியூர் மாப்பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் நம் வீட்டுப் பணமும் இருக்கிறது.

போர் நிதிக்கு அந்தக் காலத்தில் ஒரு ரேட் வைத்திருந்தார்கள்: ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்ட். அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 66,666 ரூபாய். மாசம் 50 ரூபாய் வாங்கும் ஒரு குமாஸ்தா தம்படி செலவழிக்காமல் சேர்த்தால் 111 வருஷம் ஆகும். இப்படி நன்கொடை கொடுத்த ஊர்களின் பெயரை நன்றியாக விமானப் படைப் பிரிவுகளுக்கு வைத்தார்கள். பிரிட்டிஷ் விமானப் படையில் மூன்று ஸ்குவாட்ரன்களுக்கு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று பெயர்: 79, 234, 264. கொடைரோடு அப்போது மதுரை ஜில்லா, மெட்ராஸ் மாகாணம். அதே மாகாணத்தில் 1940-ல், பிரிட்டிஷ் போருக்கு ஆள் கொடுப்பதும் பணம் கொடுப்பதும் தப்பு என்று சொல்லி காந்தியின் தனிநபர் சத்யாகிரகத்தில் ஜெயிலுக்குப் போனவர்களும் உண்டு. ஒரே தெருவில் ஒருத்தர் நிதி கொடுத்திருப்பார், எதிர்வீட்டுக்காரர் உள்ளே போயிருப்பார்.

இந்த மூன்று ஸ்குவாட்ரன்களும் அழகைப் பற்றி மூன்று பாடம் சொல்கின்றன.

234, அதிர்ஷ்டக்காரர்கள். 1940-ல் இங்கிலாந்தின் வானத்தில் ஸ்பிட்ஃபயரோடு சண்டை போட்டார்கள். 1944-ல் மஸ்டாங்குக்கு மாறினார்கள். டீக்கடையில் இருவர் அடித்துக்கொள்ளும் இரண்டையும் இவர்கள் ஓட்டிவிட்டார்கள்.

264 கதை விசித்திரம். இவர்களுக்குக் கொடுத்தது டிஃபயன்ட். விமானிக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு, அதில் நாலு துப்பாக்கியோடு இன்னொருவர். முன்பக்கம் சுட ஒரு துப்பாக்கிகூட இல்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் அசல் ஹரிக்கேன் சாயல். 1940 மே 29, டன்கர்க். ஹரிக்கேன்தானே என்று ஜெர்மானியர்கள் வழக்கம்போலப் பின்பக்கமாகப் பாய்ந்தார்கள். பின்பக்கம்தான் துப்பாக்கி! அன்று ஒரே நாளில் 37 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். கணக்கு கொஞ்சம் தாராளம் என்பது பிற்கால ஆராய்ச்சி. சாயல் காப்பாற்றியது சில நாள்தான். எதிரி உற்றுப் பார்த்தான், புரிந்துகொண்டான், முன்பக்கமாகவும் அடிவயிற்றிலும் வந்து அடித்தான். ஆகஸ்ட் கடைசியில் பலத்த சேதம். பகல் சண்டையிலிருந்தே டிஃபயன்ட்டை எடுத்துவிட்டு ராத்திரி டியூட்டிக்கு அனுப்பினார்கள். இன்னொருத்தர் முகத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் பிழைப்பை ஓட்ட முடியும்?

79-க்கு வாய்த்தது ஹரிக்கேன். முதுகு கூன், இறக்கை தடிமன், உடம்பின் பின்பாதி இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் துணி ஒட்டியது. ஸ்பிட்ஃபயர் பக்கத்தில் நிறுத்தினால் மணப்பெண் பக்கத்தில் சித்தி. ஆனால் 1940-ல் இங்கிலாந்துக்கு மேல் நடந்த சண்டையில் அதிக எதிரி விமானங்களை வீழ்த்தியது இந்தச் சித்திதான். எண்ணிக்கையில் அதிகம் இருந்தது. செய்வது சுலபம், ரிப்பேர் அதைவிடச் சுலபம். குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். ஒட்டுப் போட்டுவிட்டுத் திரும்பக் கிளம்பலாம். பேரும் புகழும் ஸ்பிட்ஃபயருக்குப் போனது.

79 பிறகு இந்தியாவுக்கு வந்து பர்மா எல்லையில் சண்டை போட்டது. 1944-ல் அவர்களுக்கு தண்டர்போல்ட் கிடைத்தது. நான் பார்த்த படங்களிலேயே குண்டு விமானம் அதுதான். முன்னால் 18 சிலிண்டர் இன்ஜின், அதற்குப் பின்னால் பீப்பாய். ‘ஜக்’ என்று செல்லப் பெயர். பால் ஜக் மாதிரி இருப்பதால் என்பார்கள். நம் பூரி ஜகந்நாதர் தேரிலிருந்து இங்கிலீஷுக்குப் போன ‘ஜகர்நாட்’டின் சுருக்கம் என்றும் சொல்வார்கள். அடி வாங்கிக்கொண்டு, சிலிண்டர் உடைந்த நிலையிலும் விமானியை வீட்டில் இறக்கியதுதான் அதன் கீர்த்தி. உருவத்தைப் பார்த்து எளக்காரம் வேண்டாம் என்று வள்ளுவர் தேரின் அச்சாணியைக் காட்டிச் சொன்னது இந்த மாதிரி ஆசாமிகளுக்குத்தான்.

பார்க்க லட்சணமாக இருந்தால் நன்றாகப் பறக்கும் என்று விமான இன்ஜினீயர்களிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பாதி உண்மை. காற்று ஒரு கறாரான ரசிகர். தேவையில்லாத மேடுபள்ளத்துக்கு அபராதம் போடும். அதனால் வேகமான வடிவம் கண்ணுக்கும் அழகாக அமைந்துவிடுகிறது. ஆனால் குண்டுக்கு ரசனை கிடையாது.

உங்கள் ஆபீசிலேயே பாருங்கள். டக்-இன் செய்து, மேனேஜர் ரூமில் இங்கிலீஷில் வளைந்து திரும்பும் ஸ்பிட்ஃபயர் ஒருத்தர் இருப்பார். மூலையில் கசங்கின சட்டையோடு ஒரு ஹரிக்கேன் இருப்பார். மார்ச் 31 ராத்திரி பத்து மணிக்குக் கணக்கு டாலி ஆகாதபோது யார் சீட்டில் விளக்கு எரிகிறது என்று கவனியுங்கள். பாராட்டுக் கடிதம் யாருக்குப் போகிறது என்பதையும்.

தீர்ப்பு: கேள்வி அழகைப் பற்றி மட்டும் என்பதால் ஸ்பிட்ஃபயர் ஜெயித்தது. திராட்சைக் கூடை கடிதம் எழுதியவருக்கு. ஜீரோவுக்கு இரண்டாம் இடம். மஸ்டாங் நண்பருக்கு, இன்ஜின் ஒன்றுதான் என்ற முறையில், கூடையில் ஒரு கொத்து. ‘சார், நீங்க எதுல ஏறுவீங்க?’ என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் தண்டர்போல்ட்.

நிஜமான ஸ்பிட்ஃபயரையும் ஹரிக்கேனையும் பக்கத்தில் பார்க்க ஆசைப்பட்டால் டெல்லி பாலத்தில் விமானப் படை மியூசியம் இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாதவர்கள் சென்னை போகும்போது நந்தம்பாக்கத்தில் இறங்கி, போர்க் கல்லறையை ஒரு தடவை சுற்றி வாருங்கள். கல்லில் வயசு பொறித்திருக்கும். பல கல்லில் நம் மூன்று நண்பர்களின் வயசு, அல்லது அதற்கும் குறைவு. யார் எதை ஓட்டினார், அது அழகா, அசிங்கமா என்பதெல்லாம் கிடையாது. எல்லாக் கல்லும் ஒரே அச்சு, ஒரே உயரம்.